வாக் அவுட்: எங்க ஊர்க் கதை

சட்டமன்றச் செய்தி என்றாலே "எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு" என்று ஒரு வரி வந்துவிடும். இங்கிலீஷில் அதுதான் வாக் அவுட். சும்மா எழுந்து போவது அல்ல, கோபத்தை மற்றவர்களுக்குக் காட்டிவிட்டுப் போவது. கூடவே 'ஆன்' சேர்ந்து 'வாக் அவுட் ஆன்' என்றால் கட்டியவரையோ நண்பரையோ கைவிட்டுப் போவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், சண்டை வரும்! (நம்ம வகுப்பில் வாக் அவுட் என்றால் கேன்டீன். அது கணக்கில் வராது.)

எங்க ஊர் ஓரிக்கையின் பெயரே ஒரு வாக் அவுட்டில் வந்தது என்பார்கள். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். குருவான திருமழிசை ஆழ்வாரும் சீடனோடு கிளம்பிவிட்டார். அவர் சொன்னதும் திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிருக்கை', அதுவே ஓரிக்கை. மன்னன் மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பிவிட்டார்கள். சொன்னபடி கேட்டதால் அவர் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'.

இது புராணம். வரலாற்றில் நடந்ததும் இதே காஞ்சிபுரத்தில்தான். 1925 நவம்பர், தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு, தலைவர் திரு.வி.க. அரசு வேலையிலும் பிரதிநிதித்துவத்திலும் வகுப்புவாரி உரிமை வேண்டும் என்று பெரியார் தீர்மானம் கொண்டுவந்தார். முந்தைய மாநாடுகளிலும் முயன்று நடக்காத விஷயம். இந்த முறையும் அனுமதி கிடைக்கவில்லை. தடுத்தவர் நண்பர் திரு.வி.க. என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பெரியார் வெளியேறினார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற மனிதர், அதன்பின் காங்கிரஸ் கட்சியில் மீண்டும் சேரவே இல்லை.

மூன்றே வருடத்தில், 1928ல், அமைச்சர் எஸ்.முத்தையா முதலியார் முயற்சியால் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தது. அது 1951ல் நீதிமன்றத்தில் அடிபட்டு, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்குக் காரணமானது. தமிழ்நாட்டில் இன்று 69 சதவீத இடஒதுக்கீடு. தறி ஓட்டும் வீட்டிலிருந்து பி.காம். படிக்க வந்த என் நண்பர்கள் பலரும் அந்தப் பட்டியலில்தான் சீட் வாங்கினார்கள்.

இன்னொரு விஷயம். பெரியார் வெளியேறியபோது இதே ஊரில் பிறந்த அண்ணாவுக்கு வயது 16. 1949ல் அவர் பெரியாரை விட்டு வெளியேறி தி.மு.க.வைத் தொடங்கினார். அதை வாக் அவுட் என்பதா, வாக் அவுட் ஆன் என்பதா? அந்தச் சண்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் எஸ்கேப் :)