எலிப்பொறியும் எலக்ட்ரீசியனும்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வீட்டு ஃபியூஸ் போனால் எலக்ட்ரீசியனுக்குத்தான் ஆள் போகும். எஞ்சினியரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர் இன்னும் உயரத்தில் இருப்பவர் என்று நினைப்பு. ஆனால் இந்த இரண்டு பெயர்களின் பழைய கதை தலைகீழ்.

18ஆம் நூற்றாண்டில் எலக்ட்ரீசியன் என்றால் மின்சாரத்தை ஆராயும் அறிஞர். பெஞ்சமின் பிராங்க்ளின் தம் கூட்டத்தை அப்படித்தான் எழுதினார். 1880இல் லண்டனின் தந்திப் பொறியாளர் சங்கம் இந்தச் சொல்லையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. எட்டே வருடத்தில், 1888இல், மின்பொறியாளர் நிறுவனம் என்று பெயரை மாற்றி அதைக் கைகழுவியது. வீடுகளுக்குள் விளக்கு நுழைந்துகொண்டிருந்த காலம். கம்பி இழுக்கிறவருக்கும் அதே பெயர் ஒட்டியிருந்தது.

எஞ்சினியரோ கீழிருந்து ஏறியவர். லத்தீனில் மதிநுட்பத்தைக் குறித்த ஒரு சொல், போர் எந்திரத்துக்கு ஆகி, அதைச் செய்தவனுக்கும் ஆனது. அதுவே தேய்ந்து ஆங்கிலத்தில் ‘ஜின்’ என்று விலங்கு பிடிக்கும் கண்ணியையும் குறித்தது. நம் ‘பொறி’யைப் பாருங்கள்: எலிப்பொறி, சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் நிற்கும் போர்க்கருவிகள், பிறகு பொறியாளர். உறவே இல்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. தீப்பொறி வேறு இருக்கிறது. மின்துறைக்காரருக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எங்கே கிடைக்கும்?

தங்கவயலுக்கு மின்சாரம் 1902இல் வந்தது. காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கு 1905 வரை அந்த வெளிச்சம் இல்லை. தங்கத்துக்குத்தான் முதல் பந்தி. திட்டத்தை வகுத்த ஜோலி டி லோட்பினியேர், ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. அதாவது சொல்லின் பழைய பொருளிலேயே எஞ்சினியர்.

இன்று கம்பியின் பருமனையும் சுமையையும் கணக்குப் போடுவது எஞ்சினியர் வேலை. குழாய் பதித்துக் கம்பி இழுப்பவர் வயர்மேன். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் எலக்ட்ரீசியன் கைக்கு வரும். ஐ.டி.ஐ.யில் பின்னிரண்டும் தனித்தனிப் பிரிவுகள், இரண்டிரண்டு வருடப் படிப்பு. வயர்மேனுக்கு அரசுத் தமிழில் மின்கம்பியாளர் என்று பெயர். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பியைத் தொடுகிறவர் என்பதோடு நிற்கும் பெயர். தெருவில் அதை யாரும் சொல்வதில்லை. வருகிறவர் வயர்மேனா எலக்ட்ரீசியனா என்று கேட்பதும் இல்லை. ஏணியைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.