நொக்ஸின் நூலும் நாம் அதற்களித்த புகழும்

படித்தவர் தொகையினும் புகழ்ந்தவர் தொகை மிகுந்த நூல்கள் எல்லா நாட்டிலும் உள. கண்டி நாட்டைப் பொறுத்தவரை அத்தகைய நூல் ஒன்றைச் சொல்லுக எனின், றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1681 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான இலங்கை வரலாற்றையே யான் சொல்வேன். இக்கருத்து எனக்குத் தானாகத் தோன்றியதன்று. கடந்த தவணையில் எமது உயர்தர வகுப்பு மாணவர் வரலாற்று மன்றத்தில் ஒரு விவாதம் நிகழ்த்தினர். தகுதிக்கு மிஞ்சிய புகழ்பெற்ற நூலோ, படமோ, நடிகரோ எவர் என்பது பொருள். ஒரு மாணவன், கித்துள்கலையிற் படமாக்கப்பட்டு 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற குவாய் நதிப் பாலத்தின் கதையைத் தாக்கினான். மற்றொருவன் தமிழகத்து நடிகர் ஒருவரைத் தாக்கப்போய், அவையிலிருந்தோரின் ஆரவாரத்தால் இடையில் அமர்ந்தான். மூன்றாமவன் எழுந்து, “நொக்ஸ்” என்று ஒரு சொல்லை மட்டும் கூறி நிறுத்தினான். நடுவராக இருந்த யான் அவனிடம் காரணம் வினவ, அவனோ என்னிடமே ஒரு வினாவைத் திருப்பினான்: “சேர், நொக்ஸ் அரண்மனைக்குள் எத்தனை நாள் இருந்தார்?”

அவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கதை யாவரும் அறிந்தது. ஆதலின் சுருங்கக் கூறுவோம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் 1659 இன் இறுதியில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பஞ் செய்யும் பொருட்டுத் திருகோணமலைக்கு அணித்தான கொட்டியாரக் குடாவை அடைந்தது. அங்கு 1660 ஏப்பிரில் மாதத்திற் கப்பித்தானும், பத்தொன்பது வயதினரான அவர் மைந்தர் நொக்ஸும், வேறு சிலரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தையார் அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மைந்தர் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் ஸ்ரீபன் றட்லாண்ட் என்னுந் தோழருடன் வடக்கே நடந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரை அடைந்தார். ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். வேத்தியற் கழகத்து அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார்; கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் றென் சான்றுரை தந்தார்; உறவினரான ஜோன் ஸ்ரைப் பாதிரியார் எழுத்தை ஒழுங்குபடுத்த உதவினார். சில ஆண்டுகளுள் ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. மெய்யியலாளர் ஜோன் லொக், தனியாட்சியின் கேட்டினை விளக்கும் இடத்தில் இந்நூலைச் சுட்டினார். இங்ஙனம் பிறந்த நாளிலேயே பெரியோர் கையால் ஆசி பெற்ற நூல் இது. ஆசியின் மிகுதியே பின்வந்தோர் அதனை ஆராயாது ஏற்றதற்கு ஒரு காரணம் என்பது எம் கருத்து.

நூல் நான்கு பாகமுடையது. முதலாவது நாடும் அதன் விளைவும் பற்றியது. இரண்டாவது மன்னனும் ஆட்சியும் பற்றியது. மூன்றாவது மக்களின் சமயமும் வழக்கமும் பற்றியது. நான்காவது ஆசிரியரின் சிறைவாழ்வும் தப்பியோட்டமும். எமது நூலகத்திலுள்ள பிரதியைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியும். இரண்டாம் நான்காம் பாகங்களின் ஓரங்கள் கைபட்டுக் கறுத்திருக்கின்றன. முதற்பாகமோ அச்சகத்திலிருந்து வந்தவாறே உள்ளது. பாடநூல்களும் இவ்வாறே செய்தன. குற்றவாளியை யானை கிழிக்கும் படத்தைக் காணாத மாணவன் இல்லை. அதே நூலிலுள்ள உழவனின் படத்தைக் கண்டோர் சிலரே. இப்படங்கள் இலண்டனிற் செதுக்கப்பட்டவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். சிறைப்பட்ட ஆங்கிலேயர் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்க்கு உணவளிப்பது ஊராரின் கடமையாயிற்று. நொக்ஸ் பண்டார கொஸ்வத்தையிலும், மலையுச்சிக் கிராமமாகிய லகுந்தெனியவிலும், பின்னர் உடுநுவரையிலுள்ள எலதெத்தையிலும் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்தையில் நிலம் வாங்கி வீடுங் கட்டினார். அரண்மனையில் அவர் வாழ்ந்தாரல்லர். மன்னனின் பணியிற் சேர்க்கப்பட்ட வெள்ளையர்க்கு நேர்ந்த கதியைக் கேள்வியுற்று, அப்பணியை அவர் அஞ்சி ஒதுங்கியவர். ஆகவே இரண்டாம் பாகத்தில் மன்னனின் உண்டி, உடை, உறக்கம், சினம் என்பன பற்றி அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி கேள்விச் செய்தியே. பொய்யென்று கூறவில்லை, ஆனாற் கேள்வி வேறு, காட்சி வேறு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1664 இல் நிலம்பையில் மன்னனுக்கு எதிராகக் கிளர்ச்சி நிகழ்ந்தது. கிளர்ச்சியாளர் இளவரசனை அரசனாக்க முயன்றனர், முயற்சி தோற்றது. மன்னன் பின்னர்த் தன் மைந்தனுக்கு நஞ்சூட்டிக் கொன்றான் என்று நொக்ஸ் எழுதுகிறார். நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின், 1687 இல், இராசசிங்கன் இறந்தபோது அரியணை ஏறியவன் யார்? அவன் மைந்தனான இரண்டாம் விமலதருமசூரியனே. நொக்ஸ் கேட்டது தவறோ, அன்றி அவர் அறியாத வேறொரு மைந்தன் இருந்தானோ. எவ்வாறாயினும் அரண்மனையின் உட்செய்தி எலதெத்தை வரை எத்துணைத் தெளிவாக வந்தது என்பதை இஃதொன்றே காட்டும்.

அன்றியும், மன்னனின் செயலுக்கு அவர் காணுங் காரணம் பெரும்பாலும் மன்னனின் இயல்பே. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வேறொரு காரணம் புலப்படும். 1638 இற் கன்னொறுவையில், இன்றைய பேராதனைக்கு எதிர்க்கரையில், போர்த்துக்கேயர் படையை அழித்தவன் இராசசிங்கன். அதே ஆண்டு ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656 இற் கொழும்பு வீழ்ந்ததும் ஒல்லாந்தர் அதனை அவனிடம் கையளியாது தாமே வைத்துக்கொண்டனர். 1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். இஞ்சியைக் கொடுத்து மிளகு வாங்கியது போலாயிற்று என்று சிங்கள மக்கள் இன்றும் இதனை எள்ளுவர். அதற்கு இரண்டே ஆண்டின் பின் வேறொரு வெள்ளையர் கப்பல் கொட்டியாரத்தில் நங்கூரமிட்டால், மன்னன் அதனை ஐயுறாது வேறென் செய்வான்? பத்தொன்பது வயது இளைஞர் இதனை உணராதது குற்றமன்று. நாமும் உணராது அவர் சொற்களையே திருப்பிச் சொல்வதுதான் குற்றம்.

இது வெறும் ஏட்டுவாதமன்று. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்தோர் உள்ளத்தில், கண்டி மன்னன் என்றதும் தோன்றிய உருவம் நொக்ஸ் வரைந்ததே. 1815 மார்ச் 2 ஆந் திகதிய உடன்படிக்கை, ‘மலபார்’ மன்னனின் கொடுமைகளைக் காட்டி ஸ்ரீ விக்கிரமராசசிங்கனை அகற்றியபோது, அதனை ஐயமின்றி நம்புதற்கு அந்நாட்டு வாசகர் முன்னரே பழகியிருந்தனர். அதற்கு நொக்ஸைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆயினும் ஒருவனின் படத்தை வேறொருவனுக்கு மாட்டிவிடுதல் எத்துணை எளிது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. நொக்ஸும் பிற்காலத்திற் கப்பித்தானாகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிச் சென்ற் ஹெலெனாத் தீவுக்கு ஏற்றிச் சென்றவர்! அவரது தன்வரலாறு 1911 இல் அச்சேறியபோதே இது பலர்க்குத் தெரியவந்தது. தமது சிறைவாழ்வை அத்துணை உருக்கமாக எழுதியவர்க்கு இது உறுத்தவில்லை போலும்.

வேறு சில புகழுரைகளும் உள. றொபின்சன் குருசோ நம் நொக்ஸே என்று பெருமையுடன் கூறுவோர் பலர். டீபோ, 1720 இல் வெளியிட்ட கப்பித்தான் சிங்கிள்டன் கதையில் நொக்ஸின் தப்பியோட்டத்தைச் சுருக்கித் தந்துள்ளார். ஆகவே இந்நூலை அவர் அறிவார் என்பது திண்ணம். ஆனாற் குருசோவின் மூலமாகப் பெரும்பாலோர் கருதுவது யுவான் பெர்னாண்டஸ் தீவில் தனித்திருந்த அலெக்சாந்தர் செல்கேர்க்கையே. நொக்ஸோ ஆளில்லாத தீவில் இருந்தவரல்லர். அயலார் நிறைந்த ஊரில் இருந்தவர். இனி, சேற்றைக் கழுவிய உழவன் அரசாளத் தக்கவன் எனும் கருத்தமைந்த பழமொழியை நொக்ஸின் பாராட்டாக மேடைதோறும் எடுத்துரைப்பர். அதனை வழங்கிவந்த பழமொழியாகவே நொக்ஸ் குறித்துள்ளார்.  இருந்தும் ஒருவரும் அதனைச் சொல்வதில்லை.

தப்பியோட்டத்தின்போது அனுராதபுரத்தில் தாம் கண்டோர் தமிழ் பேசினர் என்றும், தாம் பேசிய சிங்களம் அவர்க்கு விளங்கவில்லை என்றும் அவர் எழுதியது நம்மவர்க்கு உவப்பான பகுதி. அதனை மறுக்க முயல்வோரும் உளர். அதன்மீது ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கட்டுவோரும் உளர். உயிரச்சத்துடன் ஓடிய ஒருவர் ஓரிடத்திற் கண்ட காட்சி அது. அந்த ஆண்டிற்கு, அந்த இடத்திற்கு, அது நற்சான்று. அதற்குமேற் சுமையேற்றினால் தாங்காது. நமக்கு உவப்பானது என்பதற்காக அளவுகோலை மாற்றுதல் தகாது.

அங்ஙனமாயின் நூல் பயனற்றதோ எனின், அன்று. கண்டி நகர்ப் பெரஹராவை எடுத்துக்கொள்க. நொக்ஸ் வருணிக்கும் விழாவில் அலுத்நுவரைத் தெய்வம், கதிர்காமத் தெய்வம், பத்தினித் தெய்வம் ஆகியோரே ஊர்வலம் வருகின்றனர். புனித தந்தத்தைப் பற்றிய பேச்சே அங்கில்லை. தந்தம் அவ்வூர்வலத்தின் முன்னணிக்கு வந்தது, கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், சீயத்துப் பிக்குகள் 1753 இல் வந்த பின்னரே. அம்மாற்றத்தை நாம் அளந்தறிதற்கு நொக்ஸ் இன்றேல் வழியில்லை. 1664 இல் மன்னன் விழாவைத் தடுத்ததையும், அவ்வாண்டே கிளர்ச்சி எழுந்ததையும், பின்னர் அவன் என்றும் தடுக்காததையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். அரசியல் ஆராய்ச்சி அவர்க்கு நோக்கமன்று. ஊரார் பேசிக்கொண்டது அது.

நெல் பற்றிய அத்தியாயமோ அதனினுஞ் சிறந்தது. ஏழு மாதத்தில் விளையும் மாவீ முதலாக மூன்று மாதத்தில் விளைவது வரை நெல்லினங்களை அவர் வகுக்கிறார். நீர் எத்துணைக் காலம் நிற்குமோ அதற்கேற்ப உழவர் இனத்தைத் தெரிவர். ஒரு வெளியில் வயலுடையோர் யாவரும் ஒருங்கே அறுத்தாகல் வேண்டும். அறுத்ததும் மாடுகளை உள்ளே விட்டுவிடுவராதலின், பிந்தியவன் பயிர் மாட்டுக்கே. அதனாற் பிந்தி விதைத்தவன் குறுகிய கால நெல்லை நாடுவான். அறுவடையில் அயலார் ஒருவர்க்கொருவர் கைகொடுப்பர். வயலுக்குரியவன் அன்று சோறிடுவான். நெற்கடனுக்கு வட்டி ஆண்டிற்கு நூற்றுக்கு ஐம்பது. கடன் கொடுத்தவன் களத்துக்கு நேரிற் போய் நிற்றல் வேண்டும். முந்திக்கொண்டவனே பெறுவான், ஏமாந்தவன் அடுத்த போகம் வரை காத்திருப்பான். இவையெல்லாம் அவர் கடன் கொடுத்து, களத்தில் நின்று, சிலவேளை ஏமாந்தும் கற்றவை. பதினேழாம் நூற்றாண்டில் நம் நாட்டு உழவனின் கணக்கை இத்துணை நுணுக்கமாக எழுதிவைத்தவர் பிறரை யான் அறியேன்.

பௌத்த நூல்கள் பற்றியும் சிங்கள இலக்கியம் பற்றியும் அவரிடம் கற்கத்தக்கது சிறிதே. 1821 இல் எழுதிய மருத்துவர் ஜோன் டேவி அத்துறையில் அவரை விஞ்சியவர். தம் குறைகள் சிலவற்றை நொக்ஸே உணர்ந்து, இரண்டாம் பதிப்புக்கெனத் தம் பிரதியில் இடைத்தாள் சேர்த்து எழுதிவந்தார். 1720 இல் அவர் இறக்கும்வரை அப்பதிப்பு வரவில்லை. 1989 இலேதான் போலுஸ் என்பார் அக்குறிப்புகளையும் சேர்த்து இலங்கையிற் பதிப்பித்தார்.

விவாதத்தில் வாக்கெடுத்தபோது நொக்ஸுக்கு எதிராகப் பதினொருவரும் சார்பாகப் பதினால்வரும் கையுயர்த்தினர். வினா எழுப்பிய மாணவன் தோற்ற பக்கத்தவன். அடுத்த கிழமை அவன் நூலகத்திற்கு வந்து முதற்பாகத்தை இரவல் பெற்றான். எலதெத்தைக்கு அயலிலிருந்து வரும் நண்பன் ஒருவனின் பாட்டனார் இன்னும் வயல் செய்கிறாராம். நொக்ஸ் சொல்லும் நெல்லினங்களுள் எவற்றை அவர் அறிவார் எனக் கேட்டுவரப் போகிறானாம். அவன் இன்னும் நூலைத் திருப்பித் தரவில்லை.