பட்டிக்காரரின் நாள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில் என் தாய்மாமன் மாட்டுப்பட்டி வைத்திருந்தார். அறுபது, எழுபது மாடுகள் இருக்கும். அப்பகுதியில் அது சிறிய பட்டிதான். பாடசாலை விடுமுறைக் காலங்களில் நான் அங்கு சென்று தங்குவதுண்டு. ஒருநாள் மாலை, "நாளைக்கு என்ன வேலை மாமா?" என்று கேட்டேன். "அது மாடுகளுக்குத்தான் தெரியும் மனே" என்றார். பல ஆண்டுகளாக அதனை வேடிக்கைப் பேச்சென்றே எண்ணியிருந்தேன்.

விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். முதல்நாள் மாலை தாய்ப்பசுக்களிடமிருந்து பிரித்து அடைத்த கன்றுகளை ஒவ்வொன்றாக விட வேண்டும். கன்று முட்டிக் குடித்துப் பால் சுரந்த பின்னரே கறக்கலாம். நாட்டுப்பசு தருவதோ ஓரிரு போத்தல் பால்தான். அதன்பின் மந்தையை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அது வழக்கமான நாள். ஒன்று குறைந்தால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போய்விடும். காட்டினுள் கன்று ஈன்று நிற்கிறதா, சிறுத்தை அடித்ததா, கள்வர் கொண்டு சென்றனரா, எவருடைய வயலிலாவது புகுந்து பிடிபட்டதா என்று பல திசையிலும் ஆள் போக வேண்டும். காயத்தில் புழு வைத்த மாடு கண்ணில் பட்டால், அதனை வீழ்த்திக் கட்டிப் புழு நீக்கி வேப்பெண்ணெய் பூசும்வரை வேறு வேலை எதுவும் நடவாது.

இத்தனை நிச்சயமின்மைக்கும் நடுவே ஒன்றுமட்டும் நிச்சயமாக இருந்தது. பெரும்போக விதைப்பு நெருங்கியதும் மாடுகள் வயற்பிரதேசத்தை விட்டு மேற்கே, தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குப் போக வேண்டும். மயிலத்தமடு, மாதவனை என்பன அத்தகைய தரைகள். அறுவடை முடிந்ததும் அவை திரும்பிவந்து வயலில் வைக்கோலையும் புல்லையும் மேய்ந்து, நிலத்துக்கு எருவிடும். கமக்காரரும் பட்டிக்காரரும் ஒரே மண்ணை மாறி மாறிப் பயன்படுத்திய ஏற்பாடு அது. வறட்சி, வெள்ளம், பயிர் ஆகிய மூன்றுக்கும் பட்டிக்காரர் கண்ட மருந்து ஒன்றுதான்: மந்தையை நடத்திச் செல்வது.

அந்த மருந்து எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், அங்கு பரவிய வெக்கை நோயுடன் போராட நேர்ந்தது. மாடுகளைக் கட்டிவைக்க வேண்டும், அலையும் மாடுகள் சுடப்படும் என்பது அன்றைய உத்தரவு. நோய்த்தடுப்பு நோக்கில் அது சரியான உத்தரவே. ஆனால் காட்டில் மேய்ந்து வயிறு நிரப்பும் மாட்டைக் கட்டிவைத்தால் அதற்குத் தீனி யார் போடுவது? கட்டினால் பட்டினி, அவிழ்த்தால் துப்பாக்கி. அதிகாரியின் நியாயமும் கிராமத்தவரின் நியாயமும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

அதே நோய் கிழக்குக்கும் வந்தது. நாற்பது ஆண்டுகளாக இலங்கையில் காணப்படாதிருந்த வெக்கை, 1987 இல் இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு திரும்பவும் நுழைந்தது. 1994 வரை அது முற்றாக நீங்கவில்லை. உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் நான் கொழும்பில் செய்திமேசையில் இருந்தேன். கிழக்கிலிருந்து மாடுகள் மடிவதாகச் செய்தி வந்தது. மனித உயிர்கள் நாள்தோறும் போய்க்கொண்டிருந்த காலம். இரண்டு பக்கச் செய்தியை நான்கு வரியாக வெட்டி உட்பக்கத்தில் போட்டவன் நான்தான். என் மாமனின் மாடுகளும் அந்த நான்கு வரிக்குள் இருந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் அதுபற்றி என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்று இத்தனை உறுத்தல் இராது.

1978 நவெம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் பின்னர் எஞ்சிய மாடுகளைக்கொண்டு அவர் பட்டியை மீண்டும் உருவாக்கியவர். வெக்கைக்குப் பின்னரும் அவ்வாறே செய்ய முனைந்தார். 1990 இல் யுத்தம் மறுபடியும் மூண்டபோது அதற்கும் வழியில்லாது போயிற்று. கன்றுகளின் தொழுவத்தைத் திறந்துவிட்டு, குடும்பத்தோடு வாவியைக் கடந்தார். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, பதினொரு மாடுகள் பழைய பட்டியடியில் தாமாகவே வந்து நின்றனவாம். குறியைப் பார்க்குமுன்னரே ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைத்ததாக என் மாமி சொல்வார்.

2022 டிசெம்பரில் மன்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து மடிந்தன. நடுங்கும் கன்றுக்குச் சாக்குப் போர்த்தித் தீ மூட்டுவது எந்த நாட்காட்டியிலும் எழுதப்படாத வேலை. அந்த இரவுகளில் பட்டிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். இத்தகைய திடீர் வேலைகளுக்கு அவர்கள் என்றுமே அஞ்சியதில்லை.

அவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியிடத்தவர் பயிர்செய்கையில் இறங்கியதும், மாடுகள் வெட்டுக்காயங்களுடனும் சூட்டுக்காயங்களுடனும் திரும்பத் தொடங்கின. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். பெரும்போகத்துக்கு மாடுகள் வயலை விட்டு வெளியேற வேண்டும், ஆனால் போய்ச்சேர இடமில்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. வூல்ப் காலத்தில் கட்டிவைக்கச் சொன்னது நோய்க்காக, நோய் தணிந்ததும் கயிறு அவிழ்ந்தது. நிலம் பறிபோவதால் விழும் கட்டுக்கு அப்படியொரு முடிவுநாள் இல்லை.

நாளை என்ன வேலை என்பது மாடுகளுக்குத்தான் தெரியும் என்றார் மாமா. எந்த வேலை வந்தாலும் மந்தையை நடத்திச் செல்ல ஒரு திசை இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்ன சொல் அது. அந்தத் திசையும் அடைபடுமானால் அதனை நான்கு வரிச் செய்தியாக எவரும் சுருக்கிவிடக் கூடாது. ஒருமுறை சுருக்கியவன் என்ற வகையில் இதை எழுதிவைக்கிறேன்.