முறுகிய அலையின் சரித்திரம்

ஒளியானது சுழலுந்தத்தையும், அதாவது பொருளைச் சுழற்றவல்ல உந்தத்தையும், சுமந்து செல்லக்கூடும் என்பதை 1909-இல் பர்மிங்ஹாம் பேராசிரியர் ஜான் ஹென்றி பாயின்டிங் கணித்துச் சொன்னபோது, அவ்விளைவு அதிசூக்ஷ்மமானதாகையால் பரிசோதனையில் அகப்படுவது அரிது என்றே அவரும் கருதினார். ஆயினும் 1936-இல் பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் பெத், மெல்லிய குவார்ட்ஸ் இழையிலே தொங்கவிட்ட தகட்டின் வழியே வட்டமுனைவாக்கம் பெற்ற ஒளியைச் செலுத்தி, அத்தகடு இம்மியளவு திரும்புவதை அளந்து காட்டினாரே, அந்தப் பொறுமை வணக்கத்துக்குரியது. அலைமுகமே திருகாணிபோல் முறுகிச் சென்றால் வேறொரு வகைச் சுழலுந்தமும் உண்டென்று லைடனில் லெஸ் ஆலனும் சகாக்களும் 1992-இல் நிறுவினர். 2007-இல் போ தீடே குழுவினர் வானொலி அலைகளையும் அவ்வாறே முறுக்கலாம் என்று காட்டவே, ராடார் ஆராய்ச்சியாளரின் கவனம் அதன்பால் திரும்பிற்று. ஏனெனில், இலக்கில் மோதிச் சிதறி மீளும் அலையில் கலந்துள்ள முறுக்கு வகைகளின் விகிதம் அவ்விலக்கின் வடிவத்தையும், அதிர்வெண் மாற்றம் அதன் சுழற்சியையும் உணர்த்தவல்லவை. எனினும் இவ்வாறு முறுகிய அலைக்கற்றை நடுவில் வெறுமையுற்று, தூரம் செல்லச் செல்ல அகன்றுவிடுவதால், நெடுந்தொலைவு ராடாருக்கு அது இன்னும் எளிதில் வசப்படவில்லை.