ஐடிஇ இல்லாம ஜாவா: ரெண்டு ஃபைல்ல இருக்குற கிளாஸை இணைப்பது எப்படி? எர்ரரே வராம தப்பு விடை வருவது ஏன்?

காலேஜ் லேப்ல எக்லிப்ஸ் மாதிரி ஒரு ஐடிஇ-ல பச்சை பட்டனை அமுக்கினதும் ஓடின ஜாவா ப்ரோகிராம், வீட்டுக்கு வந்து நோட்பேடில் எழுதினா மட்டும் ஓட மாட்டேங்குதா? ஒரே ஃபைலா இருந்தா எப்படியோ சமாளிச்சிடலாம். ரெண்டாவது ஃபைல் வந்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்குது. பழைய லேப்டாப்பில் ஐடிஇ திறக்கவே நேரமாகும். அப்படிப்பட்டவங்களுக்கு நோட்பேடும் கமாண்ட் ப்ராம்ப்ட்டும் போதும். அது எப்படி, எங்கே சறுக்கும் என்பதைப் பார்க்கலாம்.

ஐடிஇ உண்மையில் என்ன செய்யுது?

ஐடிஇ என்பது ஜாவா கிடையாது. ஜாவாவை இயக்குவது ஜேடிகே என்ற தொகுப்பு. அதில் நமக்கு முக்கியமானவை ரெண்டு கமாண்டுகள். ஒன்று 'ஜாவாசி', அதாவது ஜாவா என்ற பெயரோடு சி எழுத்தைச் சேர்த்தது. இதுதான் கம்பைலர். நாம எழுதிய டாட் ஜாவா ஃபைலை, டாட் கிளாஸ் ஃபைலாக மாற்றித் தரும். இன்னொன்று 'ஜாவா'. அந்த டாட் கிளாஸ் ஃபைலை ஓட்டுவது இது. பச்சை பட்டனை அமுக்கும்போது ஐடிஇ பின்னாடி செய்வதும் இதே ரெண்டு வேலைதான்: கம்பைல் பண்ணும், ஓட்டும்.

ரெண்டு ஃபைலை இணைப்பது எப்படி?

ஒரு உதாரணம். 'மார்க்' என்று ஒரு கிளாஸ், பாஸ் மார்க் எவ்வளவு என்பது அதில் இருக்கு. 'ரிசல்ட்' என்று இன்னொரு கிளாஸ், மெயின் மெத்தட் அதில் இருக்கு. (இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கோம். கமாண்டுகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்யணும்.)

1. ரெண்டு கிளாஸையும் தனித்தனி ஃபைலில் எழுதி, ஒரே ஃபோல்டரில் சேமிக்கவும்.

2. கிளாஸ் பெயரும் ஃபைல் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட வரக் கூடாது. ஃபைல் பெயரில் விண்டோஸ் இதைக் கண்டுக்காது, ஜாவா கண்டுக்கும்.

3. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குள் போய் 'ஜாவாசி ரிசல்ட்.ஜாவா' என்று கொடுக்கவும்.

4. அடுத்து 'ஜாவா ரிசல்ட்' என்று கொடுக்கவும். இங்கே டாட் கிளாஸ் என்று சேர்க்கக் கூடாது.

அவ்வளவுதான். 'மார்க்' ஃபைலை நாம சொல்லவே இல்லையே, அது எப்படி கம்பைல் ஆச்சு? ரிசல்ட்டைப் படிக்கும்போது 'மார்க்' என்ற பெயரைப் பார்த்த கம்பைலர், அதே பெயரில் ஒரு ஃபைல் பக்கத்தில் இருக்கா என்று தானே தேடிப் போய் எடுத்துக்கும். சி மொழியில் எழுதுவது போல மேலே இன்க்ளூட் வரி எதுவும் வேண்டாம். ஒரே ஃபோல்டரில், பேக்கேஜ் வரி இல்லாமல் இருந்தால் இம்போர்ட்டும் வேண்டாம். பெயர்தான் முகவரி.

'கேனாட் ஃபைண்ட் சிம்பல்' எர்ரர் ஏன் வருது?

கிளாஸ் பெயர் 'மார்க்', ஃபைலை 'மார்க்ஸ்' என்று சேமிச்சுட்டீங்கன்னா கம்பைலர் தேடும் முகவரியில் ஆள் இருக்காது. உடனே இந்த எர்ரர் வரும். ரெண்டு ஃபைலும் வேற வேற ஃபோல்டரில் இருந்தாலும் இதே கதைதான். முதலில் பெயரையும் இடத்தையும் சரிபாருங்க, கோடை மாற்றுவது அப்புறம்.

பேக்கேஜ் வந்தால் என்ன மாறும்?

ஃபைலின் முதல் வரியில் 'பேக்கேஜ் பள்ளி' என்று எழுதினால், அந்த ஃபைல் 'பள்ளி' என்ற ஃபோல்டருக்குள் இருக்கணும். ஆனால் கமாண்டை அந்த ஃபோல்டருக்குள் போய் கொடுக்கக் கூடாது. ஒரு படி வெளியே நின்று கொடுக்கணும். கம்பைல் பண்ண 'ஜாவாசி பள்ளி/ரிசல்ட்.ஜாவா', ஓட்ட 'ஜாவா பள்ளி.ரிசல்ட்'. முதலில் சாய்கோடு, அடுத்ததில் புள்ளி. ஃபோல்டருக்குள்ளே போய் 'ஜாவா ரிசல்ட்' என்று கொடுத்தால், மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியலைன்னு எர்ரர் வரும்.

இன்னொரு விஷயம். பேக்கேஜ் உள்ள கிளாஸில் இருந்து, பேக்கேஜ் இல்லாத கிளாஸை இம்போர்ட் செய்யவே முடியாது. பேக்கேஜ் போடுவதாக இருந்தால் எல்லா ஃபைலுக்கும் போட்டுடுங்க.

எல்லாம் சரியா இருந்தும் கிளாஸ் கிடைக்கலையா? கம்ப்யூட்டரில் 'கிளாஸ்பாத்' என்ற செட்டிங்கை ஏதாவது பழைய சாஃப்ட்வேர் மாற்றி வைத்திருக்கலாம். அந்த செட்டிங் காலியாக இருந்தால் ஜாவா தற்போதைய ஃபோல்டரில் தேடும். வேறு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அங்கே மட்டும்தான் தேடும். 'ஜாவா மைனஸ் சிபி' என்று கொடுத்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்து, கிளாஸ் பெயரைக் கொடுத்தால் போதும். புள்ளி என்றால் 'இந்த ஃபோல்டர்' என்று அர்த்தம்.

எர்ரரே வராத தப்பு

மேலே சொன்னதெல்லாம் சிவப்பு எழுத்தில் கத்திச் சொல்லிடும். கத்தாத தப்பு ஒன்று இருக்கு. அதுதான் ஆபத்து.

'மார்க்' கிளாஸில் பாஸ் மார்க்கை 40 என்று, மாறாத எண்ணாக, அதாவது 'ஸ்டாட்டிக் ஃபைனல்' என்று எழுதியிருக்கீங்க. பிறகு அதை 50 ஆக மாற்றி, மாற்றிய ஃபைலை மட்டும் கம்பைல் பண்ணி, ரிசல்ட்டை ஓட்டுறீங்க. எர்ரர் வராது. ஆனால் 45 வாங்கிய மாணவர் இன்னும் பாஸ் என்றே காட்டும்!

காரணம் இதுதான். இப்படிப்பட்ட மாறாத எண்ணை, அதைப் பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே கம்பைலர் பிரதி எடுத்து வைத்துவிடும். 'ரிசல்ட்' டாட் கிளாஸ் ஃபைலுக்குள் பழைய 40 உட்கார்ந்திருக்கு. 'மார்க்' மாறியது அதற்குத் தெரியவே தெரியாது. ஃபைலைத் திறந்து பார்த்தால் 50, திரையில் 40-இன் கணக்கு. எவ்வளவு நேரம் கோடைப் பார்த்தாலும் தப்பு கண்ணில் படாது, ஏன்னா கோடில் தப்பே இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். எந்த ஒரு ஃபைலை மாற்றினாலும் எல்லாவற்றையும் சேர்த்தே கம்பைல் பண்ணுங்க. 'ஜாவாசி' என்று கொடுத்து, இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறியும் டாட் ஜாவாவும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலும் கம்பைல் ஆகும். அப்பவும் சந்தேகமா? டாட் கிளாஸ் ஃபைல்களை மட்டும் அழிச்சுட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க. டாட் ஜாவா ஃபைலில் கை வைச்சுடாதீங்க, அதுதான் உங்க உழைப்பு.

புது ஜாவாவில் இன்னும் சுலபம்

2018-ல் வந்த ஜாவா 11-இல் இருந்து, தனியா கம்பைல் பண்ணாமலே 'ஜாவா ரிசல்ட்.ஜாவா' என்று நேரடியாக ஓட்டலாம். ஆனால் அப்போது ஒரே ஃபைலுக்குத்தான் அது வேலை செய்தது. 2024 மார்ச்சில் வந்த ஜாவா 22, பக்கத்தில் உள்ள மற்ற ஃபைல்களையும் தானே தேடி எடுத்துக்கும். டாட் கிளாஸ் ஃபைல் எதுவும் ஃபோல்டரில் சேராது. உங்க கம்ப்யூட்டரில் எந்த ஜாவா இருக்கு என்று பார்க்க 'ஜாவா மைனஸ் வெர்ஷன்' என்று இடைவெளியோடு கொடுத்தால் போதும்.

சுருக்கமா:

* கிளாஸ் பெயர், ஃபைல் பெயர் ஒன்றா?
* ஒரே ஃபோல்டரா? பேக்கேஜ் இருந்தால் ஒரு படி வெளியே நிற்கிறீங்களா?
* மாற்றிய பிறகு எல்லா ஃபைலையும் கம்பைல் பண்ணீங்களா?

ப்ராக்டிக்கல் எக்ஸாமில் ஐடிஇ கைவிட்டாலும், இந்த மூன்று கேள்வி தெரிந்தவர் கைகட்டி உட்கார வேண்டியதில்லை.