முதுமையின் விளையாட்டுத் துணைவர்கள்

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று, ஒரு சிறு கருவியை வீசி டென்னிஸ் ஆடுகிறார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவருக்கு அது மருத்துவப் பயிற்சியுங்கூட. இப்பயிற்சி பிறந்த வரலாற்றைக் காண்போம்.

1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார் அலைநோக்கித் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். ஆய்வுக்கூடத்தைக் காண வருவோரை மகிழ்விப்பதே அவர் நோக்கம். 1987-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் ஏழு வாரங்கள் 'பேக்மேன்' போன்ற ஆட்டங்களை ஆடினர்; அவர்கள் மறுவினை புரியும் விரைவு கூடியது. எனினும் அந்த ஆட்டங்களில் வேலை கைகளுக்கு மட்டுமே.

உடல் முழுவதையும் ஆட்டத்திற்குள் இழுத்தது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'வீ' கருவி. மறு ஆண்டே அதனுடன் ஒரு சமநிலைப் பலகையும் வந்தது. இவை இன்று தயாரிக்கப்படுவதில்லை. ஆயினும் பலகையின் தத்துவம் அறியத்தக்கது.

பலகையின் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் உறுப்புகள் உள்ளன. 60 கிலோ எடையுள்ளவர் ஏறி நிற்கும்போது இடப்பக்கம் 35 கிலோவும் வலப்பக்கம் 25 கிலோவும் காட்டுவதாகக் கொள்ளுங்கள். இருபக்க உறுப்புகளுக்கும் இடைத்தொலைவு 42 செ.மீ. எனில், எடையின் மையம் நடுவிலிருந்து (10/60) × 21 = 3.5 செ.மீ. இடப்பக்கம் விலகியுள்ளது. நெம்புகோல் கணக்குதான்! இம்மையம் திரையில் புள்ளியாகத் தெரியும். தம் உடலின் தள்ளாட்டத்தைக் கண்ணால் கண்டு, முதியவர் தாமே திருத்திக்கொள்கிறார். ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த விசைமேடையோடு இப்பலகையை ஒப்பிட்டு, அளவுகள் நம்பத்தக்கவை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் அறிவித்தனர்.

சரி, உண்மையில் பயன் உண்டா? 2016-இல் வெளியான இரு ஆய்வுகளைப் பாருங்கள்.

முதலாவதில், அடிக்கடி கீழே விழும் வழக்கமுள்ள, 60 முதல் 90 வயது வரையான 302 பேர், ஆறு வாரங்கள் ஓடும் பட்டையின்மேல் நடந்தனர். ஒரு பிரிவினர் வெறுமனே நடந்தனர். மற்றவர் திரையில் தோன்றிய தடைகளைத் தாண்டியபடி நடந்தனர். அடுத்த ஆறு மாதங்களில், திரையுடன் நடந்தவர்கள் விழும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்றப் பிரிவில் குறைவு சிறிதே. தடையைக் கண்டு, முடிவு செய்து, காலை உயர்த்தும்போது மூளையும் காலும் சேர்ந்தே பழகுகின்றன.

இரண்டாவதில், பக்கவாதத்தால் கை தளர்ந்த 141 பேரில் ஒரு பிரிவினர் 'வீ' ஆடினர். மற்றவர் சீட்டாட்டம், பந்து போன்ற எளிய ஆட்டங்களில் ஈடுபட்டனர். இரு பிரிவினர்க்கும் கை தேறியது, வேறுபாடு இல்லை!

இவ்விரண்டும் உணர்த்துவது என்ன? கருவியின் விலை நோயைத் தீர்ப்பதில்லை. சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் இயக்கமும், அதில் ஈடுபடும் கவனமுமே பயன் தருகின்றன. முதுமையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நடமாட்டமே முடங்கக்கூடும். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் விளையாட விரும்பினால் சிரிக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அருகில் துணையாக நில்லுங்கள். முடிந்தால் எதிராளியாகவும் ஆடுங்கள்!