யானையின் எலும்பும் ஆதாமின் பாவமும்



உலகில் மரணம் ஏன் வந்தது? ஆதாமின் பாவத்தால் வந்தது என்பதே கிறிஸ்தவ மரபில் நெடுங்காலம் ஓங்கி நின்ற விடை. ஆனால், ஓருயிர் மடிவது வேறு. ஓரினம் முற்றாக அற்றுப்போவது வேறு. பின்னதை ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பத் தயங்கினர். தாம் படைத்த ஓரினத்தைக் கடவுள் அழிய விடுவாரா என்பது அவர்தம் கேள்வி. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் குருவானவரும் இயற்கையியல் அறிஞருமான ஜோன் ரேயும் இவ்விடத்தில் தயங்கியே நின்றார்.

1796 இல் பரிஸ் நகரில் ஜோர்ஜ் குவியே என்னும் இளைஞர் அத்தயக்கத்தை உடைத்தார். அதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. இலங்கை யானையின் மண்டையோட்டை ஆபிரிக்க யானையினதோடு ஒப்பிட்ட அவர், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றார். சைபீரியாவில் கிடைத்த மமத் எலும்புகளோ இரண்டோடும் பொருந்தவில்லை. ஆகவே அது அற்றுப்போன ஓர் இனம் என முடிவு செய்தார்.

அடுத்து எழுந்த சிக்கல் இன்னும் கடுமையானது. மனிதன் தோன்றுமுன்பே விலங்குகள் ஒன்றையொன்று கொன்று தின்றன என்பதற்குப் பாறைகள் சாட்சி கூறின. பாவம் செய்ய ஆளில்லாத காலத்தில் சாவு எவ்வாறு வந்தது?

இக்கேள்விக்கு முகங்கொடுத்தவர் வில்லியம் பக்லண்ட். அவர் குருவானவர், ஒக்ஸ்போர்டில் புவிச்சரிதவியல் கற்பித்தவர், 1824 இல் மெகலோசோரஸ் என்னும் பெரும் ஊர்வனவற்றை உலகுக்கு அறிவித்தவர். 1839 ஜனவரியில் ஒக்ஸ்போர்ட் பேராலயத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தில், பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை அவர் ஆராய்ந்தார். பாவத்தால் மரணம் பரவியது மனிதர் எல்லோருக்கும் என்றுதான் அங்கே உள்ளது. விலங்குகள் அத்தீர்ப்பில் அடங்கா என்றார். தமிழாசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இதுவே. அத்துணைப் பெரிய வழக்குக்கும் அவர் விடை தேடிய இடம் ஒரு சொல்லின் பொருளெல்லைதான்.

எனினும், வழக்கு அத்தோடு முடியவில்லை. மொரீசியஸ் தீவின் டோடோப் பறவை 17ஆம் நூற்றாண்டில் அழிந்தது பாறைகளின் காலத்துக் கதையன்று. மனிதனும் அவன் கொண்டுசென்ற விலங்குகளும் செய்த வேலை. 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில் இதனையே குறித்தார். நம்மால் அழியும் இனங்கள் தம் இருப்பினால் இறைவனை இனி மகிமைப்படுத்தமாட்டா. அவ்வாறு அழிக்க நமக்கு உரிமையில்லை என்பது அவர் கருத்து.

மனிதனுக்கு முந்திய சாவுக்கு ஆதாம் பொறுப்பல்லன் எனப் பக்லண்ட் விடுவித்தார். மனிதன் கையால் நேரும் அழிவுக்கு அந்த விடுதலை செல்லாது.